ஊர் அணிகளை ஊர்களிடமே விட்டுவையுங்கள்

அமெரிக்காவுக்கு வரும் நண்பர்கள் பேஸ்பால் பார்க்க ஆசைப்பட்டால் நியூயார்க், பாஸ்டன் என்று பெரிய மைதானங்களைத்தான் கேட்கிறார்கள். நான் அவர்களை வட கரோலினாவின் டர்ஹாமுக்கு அழைத்துப் போகிறேன். அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே, டிரிபிள்-ஏ நிலையில் ஆடும் டர்ஹாம் புல்ஸ் (காளைகள்) அணியின் மைதானம் அங்கே இருக்கிறது. சுமார் 10,000 பேர்தான் உட்காரலாம். அதன் சுகமே அந்தச் சிறிய அளவில்தான் இருக்கிறது.

பிட்சர் வீசும் பந்து, மட்டையாளருக்குப் பின்னால் இருக்கும் கேட்சரின் கையுறையில் பட்டென்று விழும் ஓசை இருக்கை வரை கேட்கும். இடது எல்லையில் 32 அடி உயரத்துக்கு நீலச் சுவர். அதற்கு மேலே பிரம்மாண்டமான காளைப் பலகை. நம் அணி பந்தை எல்லைக்கு அப்பால் பறக்கவிட்டு ஹோம் ரன் அடித்துவிட்டால் காளையின் கண் சிவக்கும், மூக்கிலிருந்து புகை கிளம்பும், வால் ஆடும். பந்து காளை மீது பட்டால் அடித்தவருக்கு மாட்டிறைச்சி விருந்து, காலடிப் புல்லில் பட்டால் சாலட் என்று பலகையிலேயே எழுதியிருக்கிறது. 1988இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்துக்காக முதலில் செய்த பலகை அது; ஊர் அதைத் தனதாக்கிக்கொண்டது.

காளைக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு படத்தைவிடப் பழையது. டர்ஹாம் புகையிலையால் வளர்ந்த ஊர். அதன் பெயர்பெற்ற புகையிலை ஒன்றின் சின்னம் காளை. 1902இல் தொடங்கிய அணிக்கு முதலில் புகையிலை வணிகர்கள் என்று பொருள்படும் பெயரே இருந்தது. பிறகு தொழில் நொடித்தது, சிகரெட் ஆலை மூடப்பட்டது. இன்றைய மைதானம் 1995இல் அந்த ஆலைக்கு எதிரிலேயே எழுந்தது. அடுத்த பத்தாண்டுகளில் பாழடைந்து கிடந்த செங்கல் கட்டடங்கள் அலுவலகங்களும் உணவகங்களுமாக மாறின. வேலை முடிந்தவர்கள் இன்று அங்கிருந்து நடந்தே ஆட்டத்துக்கு வருகிறார்கள். நகர மையத்துக்கு மக்களைத் திரும்ப அழைத்து வந்ததில் இந்த மைதானத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

அதனால்தான் 2021இல் நடந்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மேஜர் லீக் நிர்வாகம் தன்னோடு இணைந்திருந்த, டர்ஹாம் போன்ற 160 கீழ்நிலை அணிகளை 120 ஆகக் குறைத்தது. டர்ஹாமுக்கு மேற்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பர்லிங்டனும் தன் தொழில்முறை அணியை இழந்தது. இப்போது அங்கே கோடைக்காலத்தில் கல்லூரி மாணவர்கள் ஆடுகிறார்கள். அவர்களும் நன்றாகவே ஆடுகிறார்கள். ஆனால் நேற்று நம் ஊரில் ஆடியவன் நாளை மேஜர் லீக்கில் ஆடுவான் என்று காத்திருக்கும் அந்த நேரடித் தொடர்பு அறுந்துவிட்டது.

இந்தக் குறைப்புக்கு, மைதானங்களில் வசதி போதவில்லை, பயணம் நீளம், ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் குறைவு என்று காரணங்களை அடுக்கினார்கள். ஊதியம் குறைவு என்பது உண்மைதான். கூடுதலாகக் கொடுக்க வேண்டியவர்கள் யார்? ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தருவது அவர்களை வைத்திருக்கும் மேஜர் லீக் அணி, அதாவது மேல் அணிதானே தவிர ஊர் அணி அல்ல! பெரிய மாற்றம் வந்ததும் தொழிற்சங்கத்தால்தான். 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு டிரிபிள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது. அதே ஆண்டில் மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஊதியம் 7,20,000 டாலர். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் சிக்கனத்துக்குச் சிற்றூர்களா கிடைத்தன?

கணக்கு நோட்டில் இந்த அணிகள் மேல் அணிக்கான பயிற்சிக்கூடங்கள். ஊருக்கோ அவை மூன்று தலைமுறை சேர்ந்து உட்காரும் இடம். தாத்தா ஸ்கோர் அட்டையில் பென்சிலால் குறிக்க, பேத்தி வேலியோரம் நின்று ஆட்டக்காரரிடம் பந்துக்குக் கை நீட்டுகிறாள். நியூயார்க்கில் இப்படி வேலியோரம் போய் நிற்கும் இருக்கைக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் வசிக்கும் நம்மவர்கள் பக்கத்து ஊரில் எந்த அணி இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆட்டங்கள் உண்டு. பொதுவாகத் திங்கள் விடுமுறை. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டங்கள். வார நாள் மாலையில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும். கேட்சருக்குப் பின்பக்கம் டிக்கெட் எடுங்கள்.