மலை ஏறியவர்களுக்கும் எலும்பு தேயும்
மலை ஏறி இறங்கித் தேயிலைக் கொழுந்து பறித்த பெண்களுக்கு எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) அவ்வளவாக வராது என்று இந்தக் கட்டுரையில் போகிற போக்கில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. உழைப்பு எலும்புக்கு உரம்தான். ஆனால் மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து எலும்பு கரைவதை அது முழுதாகத் தடுத்துவிடாது. இலங்கை மலையகத்தில் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஓய்வுபெற்ற என் பெரியம்மா, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசற்படியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள், சரி. இந்தச் சின்ன விழுகைக்கு எலும்பு ஏன் முறிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வசதி இல்லாமல் பரிசோதனை எப்படி என்று மேலே கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். ஆசியப் பெண்களுக்கென்றே ஓர் எளிய கணக்கு உண்டு: கிலோகிராமில் எடை, அதிலிருந்து வயதைக் கழித்து 0.2 ஆல் பெருக்க வேண்டும். விடை -4க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். பெரியம்மாவுக்கு வயது 66, எடை 41, விடை -5. இது நோயை உறுதிப்படுத்தாது, யாரை முதலில் ஸ்கேனுக்கு அனுப்புவது என்று காட்டும், அவ்வளவுதான். அதற்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒழுங்காக நிறுக்கும் தராசு ஒன்று போதும். முதுகு வளைந்த கிழவிகளைக் கண்டால் ‘கூடை சுமந்த கூன்’ என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். முள்ளெலும்பு நசுங்கி உயரம் குறைந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பதற்கும் செலவில்லை.