வால் ஒன்று, பொருள் வேறு
'ஷன்' என்று முடியும் ஆங்கிலச் சொல்லின் வாலை மட்டும் மாற்றினால் பிரெஞ்சும் ஸ்பானிஷும் பாதி வந்துவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. வடிவம் வரை சரி: இன்ஃபர்மேஷன் ஸ்பானிஷில் இன்ஃபோர்மசியோன், இத்தாலியனில் இன்ஃபோர்மட்சியோனே, போலிஷில் இன்ஃபோர்மட்ஸ்யா. பொருள்தான் காலை வாரிவிடும். பாரிஸ் போன முதல் வாரம் ஒரு கடைக் கண்ணாடியில் 'லொகாஸியோன்' என்று எழுதியிருந்தது. ஆங்கில 'லொகேஷன்' மாதிரி இடம் என்று பொருள், ஊர் வரைபடம் தருவார்கள் என்று நம்பி உள்ளே போனால் சுவரோரம் வரிசையாக சைக்கிள்கள்! பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு வாடகைக்கு விடுவது என்று பொருள். ஆங்கில 'டிசெப்ஷன்' மாதிரி ஒலிக்கும் 'டெசெப்ஸியோன்' என்றாலும் அங்கே மோசடி இல்லை, மனம் நொந்து போகும் ஏமாற்றம். ஸ்பானிஷிலும் அதேதான். அப்புறம், இந்த விகுதி லத்தீன் ஏடுகள் வழியாக மட்டுமே பரவியது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் உண்மை, ஆனால் வாய்வழியாக வந்தவையும் உண்டு. குடிக்கும் பானத்தைக் குறித்த லத்தீன் 'போட்டியோ' மக்கள் பேச்சில் தேய்ந்து தேய்ந்து பிரெஞ்சில் 'புவாஸோன்' ஆகி, நஞ்சு என்று பொருள் மாறிவிட்டது. அதே சொல் ஏட்டு வழியே மறுபடி வந்தபோது 'போஸியோன்' என்று மருந்துநீராக நின்றது. காரணம் என்று பொருள்படும் 'ரேஸோன்', விதம் என்று பொருள்படும் 'ஃபஸோன்' இரண்டும் இப்படித் தேய்ந்து வந்தவைதான். அவற்றில் பழைய வால் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.