பேரு சென்னை சிட்டி, ஆனா அது எங்க கோயம்புத்தூர் டீம்

சென்னை சிட்டி எஃப்சி என்று சொன்னாலே, "ஓ, சென்னையின் எஃப்சியா?" என்று கேட்கிறார்கள். இல்லைங்க. அது ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) டீம், நடிகர் அபிஷேக் பச்சனும் கிரிக்கெட் வீரர் தோனியும் பங்குதாரர்களான டீம். நான் சொல்வது 2016-17-ல் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய ஃபுட்பால் லீக்குக்குள் வந்து, அப்புறம் கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டு, 2019-ல் ஐ-லீக் சாம்பியனான டீமைப் பற்றி. அந்தக் கோப்பையை வென்ற முதல் தமிழ்நாட்டு கிளப் அதுதான்.

தமிழ்நாட்டில் ஃபுட்பால் பார்க்க ஆள் கிடையாது, அதனால்தான் இங்கே கிளப்புகள் நிற்பதில்லை என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

ஆரம்பத்தில் கூட்டம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். 2017-18-ல் பத்து டீம்களில் எட்டாவது இடம். இன்னும் ஓர் இடம் கீழே போயிருந்தால் லீக்கிலிருந்தே இறங்கும் ஆபத்து. ஆனால் அந்த வருஷம்தான் மைக்கேல் சூசைராஜை நேரில் பார்த்தோம். கன்னியாகுமரிக் கடற்கரைக் கிராமத்துப் பையன். இடது பக்கம் பந்தை வாங்கிக்கொண்டு உள்ளே வெட்டினால் எதிரணி டிஃபெண்டர் ரெண்டு பேர் பின்வாங்குவார்கள். தூத்தூர் பக்கம் பாதிரியார் முதல் மீன் ஏலம் போடுபவர் வரை எல்லோரும் ஃபுட்பால் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த மண்ணிலிருந்து வந்த ஒருவர் வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்து மைதானத்தில் ஆடுவதை, ஆபீஸ் முடிந்து நேராகப் போய் உட்கார்ந்து பார்க்க முடிந்ததே, அது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம்.

நேரு ஸ்டேடியம் ஃபுட்பாலுக்கென்றே கட்டியது இல்லை. ஓட்டப்பந்தய டிராக் சுற்றி ஓடுவதால் கேலரிக்கும் கோட்டுக்கும் நடுவே நல்ல தூரம். ஆனாலும் கூட்டம் குறைவாக இருக்கும் நாட்களில் கோல்கீப்பர் டிஃபென்ஸைப் பார்த்துக் கத்துவது தெளிவாகக் கேட்கும். ஸ்பானிஷ், ஆங்கிலம், தமிழ் எல்லாம் கலந்து வரும். நம்ம தமிழ்நாட்டு ஆட்டக்காரர் எட்வின் வான்ஸ்பால் தமிழில் ஏதோ கத்த, ஸ்பெயின்காரர் ஒருவர் சரி என்று கையைத் தூக்குவார். எனக்குப் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் பெரியவர் முதல் நாள் என்னிடம் கேட்டது, "ஏனுங் கண்ணு, நம்ம பசங்க எந்தப் பக்கம் அடிக்கோணும்?" அடுத்த சீசனில் அதே மனுஷன் ஆஃப்சைடுக்கு லைன்ஸ்மேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பார்க்க ஆள் இல்லை என்பவர்கள் அவரை வந்து பார்த்திருக்க வேண்டும். டீம் ஊரிலேயே இருந்து ஆடினால் ஆள் தானாக உருவாகும்.

2018-19 சீசனை என்னவென்று சொல்வது! சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளிலிருந்து பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ, எஸ்லாவா என்று ஒரு கூட்டம். கூடவே நம்ம எட்வின், ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரிப் பையன்கள். எடுத்த எடுப்பில் தூக்கி அடிக்கிற ஆட்டம் போயே போச்சு. பின்னாலிருந்து சின்னச் சின்னப் பாஸாகக் கோத்துக்கொண்டு வருவார்கள். சாண்ட்ரோ தலையைத் தூக்கிப் பார்த்தாலே மான்சி ஓடத் தொடங்கிவிடுவார். அந்த சீசனில் மான்சி மட்டும் 21 கோல். கொல்கத்தாவுக்கே போய் ஈஸ்ட் பெங்காலை ஜெயித்துவிட்டு வந்தார்கள். அதன் பிறகுதான் டீக்கடையில்கூட இந்த டீம் பற்றிப் பேச்சு வந்தது.

கடைசி நாள், 2019 மார்ச் 9. முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்று, கையில் இருந்த கோப்பையைத் தள்ளிப்போட்டிருந்தோம். எங்களுக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. இங்கே மினர்வா பஞ்சாபோடு நாங்கள், கோழிக்கோட்டில் கோகுலத்தோடு அவர்கள். ஆரம்பித்த சில நிமிஷங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. கேலரி அப்படியே உறைந்துவிட்டது. பாதி ஆட்டம் முடிந்து டீ வாங்கப் போன இடத்தில்கூட ஒருவரும் பேசவில்லை, எல்லோர் கையிலும் போன், எல்லோர் போனிலும் கோழிக்கோடு.

இரண்டாம் பாதியில் பெனால்ட்டி கிடைத்து மான்சி சமன் செய்தார். அடுத்து கௌரவ் போரா, அசாம் பையன், 2-1. கோழிக்கோட்டில் கோகுலம் முன்னிலை என்று செய்தி வந்ததும் ஆட்டம் முடிந்துவிட்ட மாதிரிக் குதித்தோம். அது ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் சமன் செய்து, கடைசி நிமிஷங்களில் முன்னுக்கும் வந்துவிட்டது. இனி மினர்வா ஒரே ஒரு கோல் போட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. மினர்வா பந்தைத் தூக்கிப் போடும்போதெல்லாம் பெரியவர் என் முழங்கையைப் பிடித்து நெரித்தார். கூடுதல் நேரத்தில் மறுபடியும் அதே போரா! 3-1. 43-க்கு 42, ஒரே ஒரு புள்ளியில் சாம்பியன். யார் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்று தெரியாது. முன்பின் தெரியாத போலீஸ்காரர் ஒருவர் என் கையைக் குலுக்கினார்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கோப்பைக்கு மேலே ஏறப் படியே இல்லை. அடுத்த சீசனிலிருந்து ஐ.எஸ்.எல். தான் நாட்டின் முதல் லீக் என்றாகிவிட்டது, ஐ-லீக் சாம்பியனுக்கு அதற்குள் போக வழி கிடையாது. அந்த வழி திறந்து பஞ்சாப் எஃப்சி உள்ளே போனது 2023-ல்தான். இத்தனைக்கும் அதே 2019-ல் இரண்டு லீக் டீம்களும் மோதும் சூப்பர் கப் காலிறுதியில் ஐ.எஸ்.எல். டீமான பெங்களூரு எஃப்சியை 2-1 என்று வீழ்த்திக் காட்டிய டீம் இது. ஜெயித்த டீம் ஜெயித்த இடத்திலேயே நின்றால் நல்ல ஆட்டக்காரர் எத்தனை நாள் இருப்பார்? எட்வின் சென்னையின் எஃப்சிக்குப் போனார், மான்சி ஜப்பான் போனார். அவர்கள் மேல் எனக்குத் துளி வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் அந்த ஏற்பாட்டின் மேல்தான்.

2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று வந்தது. பஹ்ரைனின் அல் ரிஃபாவோடு சொந்த மைதான ஆட்டம், ஆனால் நடந்தது அகமதாபாத்தில். வேலையை விட்டுவிட்டுப் போக முடியாமல் போனில் பார்த்தேன், 1-0 என்று தோற்றோம். மார்ச்சில் ஆசிய கிளப்புகளின் இன்னொரு போட்டியான ஏ.எஃப்.சி. கப், மாலத்தீவில் மாசியா கிளப்போடு 2-2. உடனே கொரோனா வந்து அந்தப் போட்டியே ரத்து. 2020-21 ஐ-லீக் சீசன் முழுக்க மேற்கு வங்காளத்தில், காலி கேலரிகளுக்கு முன்னால் நடந்தது. அதற்கடுத்த ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை. கோவைக்காரர்களுக்கு அந்த டீமை வழியனுப்பி வைக்கக்கூட ஓர் ஆட்டம் கிடைக்கவில்லை.

அதனால் தயவுசெய்து "ரசிகர் இல்லாததால் செத்த கிளப்" என்று எழுதாதீர்கள். நாங்கள் இருந்தோம். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள், காலேஜ் பசங்க டிரம் அடித்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் தெருவில் அப்போது எட்டாவது படித்த பையன் மான்சி மாதிரியே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான், இப்போது மாவட்ட லீக்கில் ஆடுகிறான்.

மார்ச் 9 அன்று கேலரியில் இருந்தவர்கள் இதைப் படித்தால் ஓர் உதவி. போராவின் இரண்டாவது கோலை நான் படம் எடுக்கவில்லை, போன் எங்கே இருந்தது என்றே தெரியாது. உங்களில் யாராவது எடுத்திருந்தால் அனுப்புங்கள், எவ்வளவு ஆடிப்போன வீடியோவாக இருந்தாலும் பரவாயில்லை.