மட்காட் என்ன ஆடம்பரப் பொருளா?

“அதெல்லாம் எக்ஸ்ட்ரா பிட்டிங் தம்பி.”

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சைக்கிளுக்கு மட்காட் கேட்டால் எக்ஸ்ட்ரா பிட்டிங். லைட் கேட்டாலும் அதுதான், பூட்டு கேட்டாலும் அதுதான். ஸ்டாண்டும் பெல்லும்கூட எக்ஸ்ட்ராவாம். அப்படியென்றால் அவ்வளவு காசு கொட்டி நான் வாங்கியது என்ன? இரண்டு சக்கரம், இருபத்தொரு கியர், உடம்பெல்லாம் ஸ்டிக்கர். மழையும் இருட்டும் திருடனும் இல்லாத ஏதோ ஓர் ஊருக்காகச் செய்த வண்டியை இலங்கை மலைநாட்டு ஹட்டனுக்குக் கொண்டுவந்து நம் தலையில் கட்டுகிறார்கள்.

எனக்கு வீடு கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். வேலை ஹட்டன் டவுனில். தோட்டத்து ரோட்டையும் சேர்த்தால் ஒரு வழிக்கு ஏழு கிலோமீட்டர். 2022இல் ஆரம்பித்த சைக்கிள் சகவாசம் இது. அந்த வருடம் ஜனவரியில் லீட்டர் 177 ரூபாய்க்கு விற்ற பெட்ரோல் ஜூன் கடைசியில் 470 ரூபாய், அதுவும் கிடைத்தால்தான். பெட்ரோல் ஷெட்டில் வரிசையில் நின்று தூங்கி எழுந்ததெல்லாம் போதும் என்று மோட்டார் சைக்கிளைச் சாத்திவைத்துவிட்டு மிதிக்க ஆரம்பித்தேன். வரிசை போய்விட்டது, பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆகவே யாரும் “பைக் வாங்கேன்” என்று புத்தி சொல்ல வரவேண்டாம். பைக் இருக்கிறது. எனக்கு வேண்டியது மட்காட்.

எங்கள் பக்கம் வெயில்தான் விருந்தாளி. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்து உட்கார்ந்தால் செப்டெம்பர் வரை எழும்பாது. வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற வட்டவளை எங்களுக்குக் கூப்பிடு தூரம். இந்த ஊரில் மட்காட் இல்லாமல் சைக்கிள் விற்பவரை ஒரே ஒரு ஜூன் மாதம் அதே சைக்கிளில் வேலைக்கு அனுப்ப வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டு.

வெள்ளைச் சட்டை என்றதும் வயிறு எரிகிறது. முதலில் கடையில் கொடுத்த மட்காட், சீட்டுத் தண்டில் திருகி மாட்டும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. டயருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வாத்துவால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டத்து ரோட்டில் முதல் கிடங்கில் விழுந்ததும் அது இடது பக்கம் திரும்பிக்கொண்டு தேயிலை மலையைப் பார்க்கும். டயர் அள்ளிய சிவப்புச் சேறு நேராக என் முதுகுக்கு வரும். ஒபிஸில் கூட வேலை செய்கிற அக்கா ஒரு நாள் சொன்னார்: “தம்பி, கொந்தராத்துக்காரன் நம்ம ரோட்டை உங்க முதுகுலதான் போட்டிருக்கான் போல.” இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரே கோடு, நடுவகிடு எடுத்த மாதிரி. சன்லைட் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று. அந்தச் செம்மண் கறை, தேயிலைச் சாயத்துக்கு அண்ணன்.

முதுகாவது பரவாயில்லை, துவைக்கலாம். முன் சக்கரம் செய்கிற அநியாயம்தான் கண்ணுக்குத் தெரியாது. அது சப்பாத்தை நனைக்கும், கூடவே பெடல் அச்சுக்கும் செயினுக்கும் மணல் கலந்த தண்ணீரைப் பீய்ச்சும். செயினில் எண்ணெயும் மணலும் சேர்ந்தால் சாணைக்கல்தான். ஒரே மழைக்காலத்தில் என் செயின் இழுபட்டு, பின் பல்லுச்சக்கரத்தையும் தின்றுவிட்டது. மட்காட்டுக்கு மிச்சம் பிடித்த காசு அங்கே போயிற்று, வட்டியோடு.

சரி, நல்ல மட்காட் எப்படி இருக்க வேண்டும்? இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. டயரைச் சுற்றி அணைத்தபடி போக வேண்டும். டயரைவிட அகலமாக இருக்க வேண்டும். என் டயர் 2.1 இஞ்சி, அதாவது 53 மில்லிமீட்டர் சொச்சம். அதற்கு 60, 65 மில்லிமீட்டர் மட்காட் வேண்டும். இரண்டு பக்கமும் கம்பி பிடித்து ஆடாமல் நிற்க வேண்டும். முன் மட்காட்டின் நுனியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரைக்கும் ஒரு ரப்பர் நாக்கு தொங்க வேண்டும். அந்த நாக்குதான் முக்கியம், அது இல்லாவிட்டால் சப்பாத்துக்கு விமோசனம் கிடையாது. இதைக் கேட்டால் கடைக்காரர் 45 மில்லிமீட்டரில் ஒன்றைத் தூக்கிப் போடுகிறார். “டயர் வெளியே நிற்குமே அண்ணே” என்றால், “ஸ்டைலா இருக்கும் தம்பி” என்கிறார். அதோடு இந்த ‘மவுண்டன்’ சைக்கிள்களில் பாதிக்கு மட்காட் கம்பி பூட்டச் சட்டத்தில் ஓட்டையே வைப்பதில்லை. பெயரிலேயே மலை இருக்கிறது, மலைநாட்டு மழை மட்டும் அவன் கணக்கில் இல்லை.

பூட்டுக் கதை இதைவிடக் கேவலம்.

முதலில் வாங்கியது நம்பர் பூட்டு. பச்சை உறை போட்ட கேபிள், பெருவிரல் தடிமன், சுருட்டி வைத்தால் பாம்பு படுத்த மாதிரி இருக்கும். “யானை இழுத்தாலும் அறாது” என்றார் கடைக்காரர். இரண்டு மழைக்காலம் போனதும் நம்பர் வளையங்கள் துருவேறி இறுகிவிட்டன. ஒரு நாள் மாலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்பியில் கட்டியிருந்த என் சைக்கிளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து போராடுகிறேன். மூன்று வளையம் திரும்புகிறது, நான்காவது அசைய மாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன், தட்டினேன், சாமியைக் கூப்பிட்டேன். கடைசியில் பக்கத்து ஹாட்வெயார் கடை அண்ணனிடம் கட்டர் இரவல் வாங்கி வந்தேன். வேலிக்கம்பி வெட்டுகிற சாதாரணக் கட்டர். ஒரே அழுத்து. டக்.

அவ்வளவுதான். யானை இழுத்தாலும் அறாத பூட்டு.

அறுந்த முனையைத் திருப்பிப் பார்த்தேன். பெருவிரல் தடிமனில் முக்கால்வாசி பிளாஸ்டிக். நடுவில் தும்புக்கயிறு மாதிரி முறுக்கிய மெல்லிய கம்பி இழைகள், அதிலும் பாதி துரு. இரண்டு வருடம் இதை நம்பித்தான் நிம்மதியாக பிளேன்டி குடித்தேன்.

இதில் இன்னொரு கூத்து. பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். “யாருடைய சைக்கிள், ஏன் வெட்டுகிறாய்?” என்று ஒரு ஈ காக்கை கேட்கவில்லை. ஒரு பெரியவர் எழுந்து வந்து, “நான் பிடிச்சிக்கிறேன், நீங்க வெட்டுங்க தம்பி” என்று ஹேண்டிலைப் பிடித்துக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நான் நிஜத் திருடனாக இருந்திருந்தாலும் அவர் அப்படித்தானே பிடித்திருப்பார்?

அப்புறம்தான் யூ வடிவப் பூட்டுக்கு மாறினேன். கடினப்படுத்திய எஃகு, 13 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் கைக்கட்டர் பல்லைக் காட்டும். பெரிதாக வாங்கக் கூடாது. உள்ளே வெற்றிடம் இருந்தால் ஜாக்கியோ அலவாங்கோ நுழைத்து நெம்பிவிடுவார்கள். பின் சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்து அசையாத ஒரு கம்பத்தோடு பூட்ட வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் பூட்டினால் மாலையில் உங்களுக்காக முன் சக்கரம் மட்டும் காத்திருக்கும். வட்டக் குழாய்ச் சாவி போடுகிற ரகத்தைத் தொடாதீர்கள். 2004இல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் என்ற பேர்போன கம்பனியின் அந்த ரகப் பூட்டுகளை மலிவான போல்பொயிண்ட் பேனாவின் குழாயைச் செருகியே திறந்து காட்டினார்கள். கம்பனி பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அதே மாதிரிச் சாவி போட்ட, பெயர் தெரியாத பூட்டு இன்றைக்கும் எங்கள் டவுனில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஜம்மென்று தொங்குகிறது.

நல்ல பூட்டு கிடைத்ததும் அடுத்த தலையிடி: எதில் பூட்டுவது? த்ரீவீலருக்கு பார்க் இருக்கிறது, பைக்குக்கு இடம் இருக்கிறது. சைக்கிளை எங்கே சாத்தினாலும் ஒரு செக்கியூரிட்டி அண்ணன் விசிலோடு வருகிறார். ஒரு கிலோவுக்கு மேல் கனமுள்ள பூட்டை ஏற்றம் ஏற்றமாகச் சுமந்துகொண்டு வந்து, பூட்டக் கம்பம் இல்லாமல், சைக்கிளை அதன் சக்கரத்தோடேயே பூட்டிவிட்டுப் போகிறேன். தூக்கிக்கொண்டு போனால் போனதுதான்.

லைட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு பிரஷர் ஏறும்.

மாலை நான்கு மணிக்கே பனிமூட்டம் இறங்குகிற ரோடு எங்களுடையது. மலைநாட்டு ரயில் பாதையிலேயே நீளமான சுரங்கம் சிங்கமலையில், ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில்தான் இருக்கிறது. மூட்டம் கவிந்த நாளில் மேலே ரோட்டிலும் ஒரு சுரங்கம் ஓடுகிற மாதிரிதான். அதற்காக வாங்கிய லைட்டின் பெட்டியில் பேட்டரி 9900 எம்.ஏ.எச். என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்கிற கணக்கு அது. 18650 என்ற ரகம். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், பெயரிலேயே அளவு இருக்கிறது. அந்தச் சின்னக் குழாய்க்குள் நல்ல கம்பனிகளே 3500ஐச் சுற்றித்தான் அடைக்கின்றன. இவன் 9900ஐ எங்கே அடைத்தான்? அரைக் கொத்து அரிசிப் பையில் ஒன்றரைக் கொத்து என்று எழுதி விற்றால் சும்மா விடுவோமா? முழுதாகச் சார்ஜ் போட்ட லைட் நாற்பது நிமிடத்தில் கண்ணை மூடிவிட்டது. கிடங்கில் சக்கரம் இறங்கினாலும் அணையும், குத்தினால் எரியும். குத்திக் குத்தியே ஒரு வாரம் வீட்டுக்கு வந்தேன்.

‘வோட்டர் ப்ரூப்’ என்று ஸ்டிக்கர் வேறு. எவ்வளவு தண்ணீருக்கு என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியாது, பெட்டிக்கும் தெரியாது. தண்ணீர் தாங்கும் தரத்துக்கு நம்பர் இருக்கிறது. ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். என்னுடையதில் எந்த நம்பரும் இல்லை. ஆடி மாதம் கண்ணாடிக்குள்ளே தண்ணீர் கோடு கட்டி நின்றது. ஒரு மீன் விட்டிருக்கலாம்.

வெளிச்சம் அதிகமாக இருந்தால் போதும் என்று நினைப்பதும் தப்பு. மூட்டத்தில் டோர்ச் மாதிரி நாலாபக்கமும் அடிக்கிற லைட்டைப் போட்டால், வெளிச்சம் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். முன்னால் வெள்ளைச் சுவர். ஒரு நாள் வளைவில் அந்தச் சுவருக்குள்ளிருந்து ஹோர்ன் அடித்தபடி ஒரு பஸ் வந்தது. நான் ரோட்டோரத் தண்ணீர்க் காணில் சைக்கிளோடு படுத்துத்தான் தப்பினேன். ஜெர்மனியில் சைக்கிள் லைட்டுக்குச் சட்டமே இருக்கிறது. எதிரே வருகிறவர் கண் கூசாதபடி மேல் வெளிச்சத்தை வெட்டி ரோட்டுக்கு இறக்க வேண்டும். அந்த மாதிரி லைட்டைத் தாழ்வாகப் பூட்டினால் மூட்டத்தில் ரோட்டின் வெள்ளைக் கோடாவது தெரியும். இங்கே கேட்டால், “ஆயிரத்து இருநூறு லூமன் தம்பி, கண்ணு பறிக்கும்!” ஆமாம் அண்ணே, என் கண்ணைத்தான் பறிக்கிறது.

பின் லைட்டுக்கு ஒரு வார்த்தை. சீட்டுத் தண்டில் பூட்டினால் ரெயின்கோட் வால் வந்து மூடிக்கொள்ளும். மழை நாளில், அதாவது அது வேண்டிய நாளில், பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. இதை எனக்குச் சொன்னது பின்னால் த்ரீவீலரில் வந்து திட்டிய ஓர் அண்ணன். அவர் திட்டியது நியாயம்.

எங்கள் தாத்தாவிடம் ஒரு றலி சைக்கிள் இருந்தது. தோட்டத்துத் தப்பால்காரர் அவர். கறுப்புச் சட்டம், டயரைத் தழுவின தகர மட்காட், பின் மட்காட்டில் வெள்ளைப் பட்டை, செயினுக்கு மூடி, பின் சக்கரத்தில் நிரந்தரமாக ஒரு பூட்டு, டயரில் உரசி ஓடும் டைனமோ. எல்லாமே வண்டியோடு வந்தவை. அதைப் புனிதமாக்க நான் வரவில்லை. இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது, நனைந்த டயரில் டைனமோ வழுக்கும், நின்றால் லைட்டும் நின்றுவிடும், ஏற்றத்தில் அதைத் தள்ளிக்கொண்டு போவது தனித் தண்டனை. ஆனாலும் தாத்தாவின் காக்கிச் சட்டை முதுகில் நான் ஒரு நாளும் சேற்றுக் கோடு பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் யாரும் அவரிடம் எக்ஸ்ட்ரா பிட்டிங் என்று சொல்லவும் இல்லை.

இப்போது என் வண்டியில் முன் மட்காட்டின் நாக்கு, பழைய த்ரீவீலர் டியூபில் நானே வெட்டியது. இரண்டு ஆணி, ஒரு வாசர். மழையில் நன்றாக வேலை செய்கிறது, பார்க்கத்தான் செருப்பு தொங்குகிற மாதிரி இருக்கும். பின்னாலுக்கு ஒழுங்கான 60 மில்லிமீட்டர் மட்காட் ஒன்று வெசாக்குக்கு முன்னமே கடையில் சொல்லி வைத்தேன், முற்பணமும் கொடுத்தேன். தீபாவளியும் போய்விட்டது. நேற்றும் போய்க் கேட்டேன். கடைக்காரர் என் பின்னால் கொட்டிக்கொண்டிருந்த மழையைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார்.

“இன்னும் வரலை தம்பி. எக்ஸ்ட்ரா பிட்டிங்தானே, என்ன அவசரம்?”