‘கிலோவுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல்’ என்பது பாதி உண்மையே

“எந்தப் பிளாஸ்டிக்கைப் போட்டாலும் கிலோவுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் கிடைக்கும், இயந்திரத்தை வாங்கி வைத்துவிட்டால் ஊராட்சிக்கு அப்புறம் செலவே இல்லை” என்று பிளாஸ்டிக் கழிவை எண்ணெயாக்கும் இயந்திரத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

சுத்தமான, உலர்ந்த பாலித்தீனைக் காற்றில்லாமல் ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அந்த அளவை நெருங்கலாம், ஏனெனில் கிடைக்கும் எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது, 800 கிராம் எண்ணெயே ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் வரும். ஆனால் அது பெட்ரோல் அன்று. பெட்ரோல், டீசல், மெழுகு ஆகிய மூன்றின் கூறுகளும் கலந்த கச்சா எண்ணெய். அந்த மெழுகு, ஆவியை எண்ணெயாக்கும் குளிர்விப்புக் குழாய்க்குள் மார்கழி நெய்போல உறைந்து அடைத்துக்கொள்ளும்.

‘எந்தப் பிளாஸ்டிக்கும்’ என்பதுதான் பெரிய பிழை. தண்ணீர்க் குழாய்கள் செய்யும் பிவிசி பிளாஸ்டிக்கின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சூடானதும் அது ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறி இயந்திரத்தின் உலையையே அரிக்கும். தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் எண்ணெயை மிகக் குறைவாகவே தந்து, குழாயில் படியும் அமிலத் தூளைத்தான் அதிகம் தரும்.

ஆகவே தொடர்செலவு இயந்திரத்தில் மட்டும் இல்லை, தரம்பிரிக்கும் மேசையிலும் இருக்கிறது. நல்ல பாட்டிலையும் குடத்தையும் காயலான் கடைக்காரர் முன்பே காசு கொடுத்து வாங்கிவிடுவதால், உலைக்கு மிஞ்சுவது குழம்பு ஒட்டிய பைகளும் அலுமினியப் பூச்சுள்ள சிப்ஸ் உறைகளுமே. அவற்றைக் கழுவி உலர்த்தும் கூலி, உலையின் அடிக்கரியை அகற்றும் செலவு, தேய்ந்த அடைப்பு வளையங்களை மாற்றும் செலவு ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்காத ஊராட்சி, இயந்திரம் வாங்காமலிருப்பதே நல்லது.