மூன்று செக்கன் பொறுக்க முடியாதா?

கண்டி சிக்னலில் சிவப்பு முடியுமுன்பே பஸ் ஒன்று பாய்ந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதில் ரோட் மாறிக்கொண்டிருந்த அம்மாவைத்தான் குறை சொல்கிறார்கள். சிவப்பில் இன்னும் மூன்று செக்கன் இருக்கும்போதே பஸ்ஸை எடுத்தது யார்? மஞ்சள் கோட்டுக் கடவையில் பாதி தூரம் வந்திருந்த அந்த அம்மாவா? கமெண்டுகளைப் படித்தால் அப்படித்தான் தெரிகிறது.

நான் சொல்வது ஒன்றுதான். சிக்னலில் இன்னும் எத்தனை செக்கன் என்று காட்டும் அந்த நம்பர் வந்த பிறகு டிரைவர்மார் ரோட்டைப் பார்ப்பதில்லை, நம்பரைப் பார்க்கிறார்கள். சிவப்பில் ஐந்து, நான்கு என்று இறங்கும்போதே வண்டி ஹாஃப் கிளச்சில் ஊர ஆரம்பிக்கும், ஏற்றத்தில் நிற்கிற ஆட்டோ என்றால் பின்னால் உருண்டுவிடுமே என்று இன்னும் முந்தும். ஒரு பக்கம் சிவப்பாகி மறுபக்கம் பச்சையாகும் முன் எல்லாப் பக்கமும் கொஞ்ச நேரம் சிவப்பாக விடுவது சந்தி காலியாகட்டும் என்றுதான். அந்த இடைவெளியைத்தான் இவர்கள் தின்கிறார்கள். பச்சையிலோ நான்கு செக்கன் மிச்சம் என்று கண்டால் தூரத்தில் வருகிறவன்கூட பிரேக்கைத் தொடமாட்டான், அக்சிலேட்டரை மிதிப்பான். மழை ஈரம், இறக்கம், ஆள் நிறைந்த பஸ். மஞ்சள் விளக்கு எதற்கு என்பதே மறந்துபோயிற்று.

“எஞ்சினை நிற்பாட்டலாம், பெற்றோல் மிச்சம்” என்று ஒரு தம்பி வருவார். சரி தம்பி, 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி பெற்றோல் வாங்கியவன்தான் நானும். நீண்ட சிவப்புக்கு நம்பர் இருக்கட்டும், கடைசிப் பத்து செக்கனில் மறையட்டும். பச்சைக்கு எதற்கு? “வெளிநாட்டில் இருக்கே” என்பவர்களுக்கு: அங்கே செய்த ஆய்வுகளே ஒரே மாதிரிச் சொல்லவில்லை. பச்சை விழுந்ததும் சுணங்காமல் கிளம்புகிறார்கள் என்பதும் உண்டு, விழுமுன்பே பாய்கிறார்கள் என்பதும் உண்டு. நெரிசலைப் பார்த்து நேரத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் விளக்குகளில் சரியான நம்பர் காட்டுவதே கஷ்டம். இவ்வளவும் சொன்னால் “நீ என்ன டிரைவரா?” என்பார்கள்.

நான் இல்லை, எங்கள் அப்பா. தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டினவர். கினிகத்தேனை மலை வளைவுகளில் வண்டி ஏறி வருவதைக் கண்டால், இறங்குகிற அவர்தான் ஒதுங்கி நிற்பார். எந்த நம்பரும் அவருக்குச் சொல்லவில்லை. எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்தார், கை காட்டினார், அவ்வளவுதான். பஸ் டிரைவருக்கு நேரம் பார்க்கும் டைம் கீப்பர் தொல்லை உண்டு, தெரியும். அதற்காக?

உண்மையில் எனக்கு எரிகிறது வேறு. “தோட்டத்து ஆட்களுக்கு டவுனில் ரோட் மாறத் தெரியாது” என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே எத்தனை சிரிப்பு! சிரித்தவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள், எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள். கிளினிக் கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு விடியுமுன் முதல் பஸ் பிடித்து வருகிற அம்மாமாரால் படித்தவர்கள்தானே நீங்களும்? பாய்ந்தவன் தப்பித்தான், நடந்தவர் நாட்டுப்புறம்! நல்ல நியாயம்.

எழுதியவரிடம் இன்பொக்ஸில் அழிக்கச் சொல்லிக் கேட்டேன். “ஜோக்குக்குத்தானே அண்ணே” என்றார். கமெண்ட் இன்னும் அப்படியே இருக்கிறது. இந்தப் பதிவுக்கும் சிரிப்புப் போட வருகிறவர்கள் என்னை அன்பிரண்ட் செய்துவிட்டுப் போய்ச் சிரியுங்கள்.