ஆமையைத் தேடிப் போய் ஆட்களைச் சம்பாதித்தேன்

"சென்னையில் சனி, ஞாயிறு என்றால் மாலும் சினிமாவும்தான்" என்று ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் சலித்துக்கொள்கிறார். கடற்கரையில் கடலாமை முட்டைகளைத் தேடி நடக்கும் ராத்திரி ஆமை நடைக்கு அவர் போனதில்லை போலிருக்கிறது! ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் செய்துவரும் வேலை இது. இங்கே கரையேறும் பங்குனி ஆமை என்ற கடலாமை ஒரு தடவைக்கு 100 முட்டை போல இடும். நாய் தோண்டுவதற்குள் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். குஞ்சுகள் வெளிச்சம் பார்த்து நகர்பவை. தெருவிளக்கை நம்பி ரோட்டுக்கே வந்துவிடும், பாவம்.

நான் போன முதல் இரவு ஆமையே வரவில்லை. ஆனால் பெரம்பூரிலிருந்து வந்திருந்த ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர், விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்குச்சட்டியைத் திறந்து எல்லோருக்கும் புளியோதரை கொடுத்தார். டார்ச் அடிக்கக் கூடாதென்பதால் முகம் தெரியாமலே அதுவரை பேசிக்கொண்டு வந்திருக்கிறோம். விடிந்து டீக்கடையில் பார்த்தால், நான் நினைத்த முகமே இல்லை. அவருக்கும் அப்படித்தானாம். அப்புறம் மூன்று சீசன் சேர்ந்தே போய்விட்டோம். புளியோதரை மட்டும் மாறவில்லை.